வேற ஒண்ணும் இல்லையே

ஆறு வருடமாக எனக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். இன்னொருத்தி ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஆறாம் அறையில், செவ்வாயும் வியாழனும் மட்டும் இருப்பாள். வீட்டில் இருப்பவளுக்கு விஷயம் தெரியும். "அவளாவது நீங்க சொல்றதைக் கேக்கறாளா?" என்று ஒரு முறை விசாரித்தாள். அவளும் கேட்பதில்லை என்றேன். நிம்மதியாக எழுந்து போய்விட்டாள்.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது, டாக்டர்களுக்குத் தேர்வு வைக்கும் ஓர் இடத்தில் நோயாளியின் புருஷனாக நடிக்கிறேன். படித்து முடித்து வேலை பார்க்கும் டாக்டர்கள்தான் வருவார்கள். மேற்பதவிக்குப் போக வேண்டுமென்றால் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். மொத்தம் எட்டு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொய் நோயாளி. அறைக்கு எட்டு நிமிடம். மணி அடித்தால் உள்ளே வந்து விசாரிப்பார்கள், மறுபடி மணி அடித்தால் போய்விடுவார்கள். மூலையில் பரீட்சகர் ஒருவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து மார்க் போடுவார். சுவரில் கேமரா இருக்கும்.

என் பொய் மனைவியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஃபைலில் அவள் தையல்காரம்மா, வயது நாற்பத்தெட்டு. நிஜத்தில் நாற்பத்தைந்து, சலவைக்கடையில் வேலை. வருகிற துணிகளின் பையெல்லாம் துழாவி, கிடைத்ததை எடுத்து வைத்துவிட்டு, காலரில் எண் எழுதிய துண்டுத் துணியைக் குத்துவாள். சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி. யாராவது சத்தமாகப் பேசினால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அறைக்குள் நான் அவளை "ஏம்மா" என்பேன், அவள் என்னை "என்னங்க" என்பாள். வெளியே வந்தால் அவள் எனக்குத் தங்கச்சி, நான் அவளுக்கு அண்ணே. கதவைத் தாண்டும்போது எனக்கு நாக்குக் குழறும். அவளுக்கு ஒரு நாளும் குழறியதில்லை.

எட்டு அறை நோயாளிகளும் ஒரே ஊர்க்காரர்கள். அப்படி ஓர் ஊர் எங்கேயும் கிடையாது, நாங்களாகக் கட்டியது. இரண்டாம் அறைக்காரருக்குக் குழாய்த் தண்ணீரால் வயிற்றுப்போக்கு என்றால், அதே தெருவில் குடியிருக்கும் ஐந்தாம் அறைக்காரரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்க வேண்டும். ஒருவர் ஒன்றும் இன்னொருவர் வேறொன்றும் உளறினால் தேர்வே பாழ். அதனால் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். யார் வீடு எந்தச் சந்தில், யாருக்கு யார் மச்சான், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அதில் இருக்கும். எழுதுவது தங்கச்சிதான். அந்த நோட்டில் தையல்காரம்மாவுக்கு ஒரு மகள். அந்த மகள் எந்த அறையிலும் நடிக்க வருவதில்லை, நோட்டில் மட்டும்தான் இருக்கிறாள். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வயதில் பல் விழுந்தது, கணக்கில் எத்தனை மார்க் என்று அவளுக்கு மட்டும் பதினோரு பக்கம். புருஷனான எனக்கு முக்கால் பக்கம்.

எங்கள் சட்டம் ஒன்றுதான். மணி அடித்ததிலிருந்து, எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம் வந்து "முடிந்தது" என்று சொல்லும் வரை நீ ஃபைலில் இருக்கிற ஆள். தும்மினாலும் அந்த ஆளாகத்தான் தும்ம வேண்டும்.

நான் ஒரு தடவை சொதப்பியிருக்கிறேன். மரணச் செய்தியை எப்படிச் சொல்வது என்று ஒரு தேர்வு. ஒரு டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, மனசைத் திடப்படுத்திக்குங்க, உங்க மனைவி தவறிட்டாங்க" என்றார். நான் பதறிப்போய் "எந்த மனைவி?" என்று கேட்டுவிட்டேன். அந்த டாக்டர் என் கையை விட்டுவிட்டார். பரீட்சகர் மார்க் தாளால் முகத்தை மூடிக்கொண்டார். தங்கச்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "நான் செத்ததுகூடப் பரவாயில்லண்ணே, ஒரு சந்தேகம் கேட்டீங்க பாருங்க" என்றாள்.

அவள் அப்படி இல்லை. ஒரு நாள் மேடம் "முடிந்தது" சொல்ல மறந்து போனில் பேசிக்கொண்டே கீழே போய்விட்டார். நாங்கள் எல்லோரும் டீ குடிக்கப் போனோம். இவள் மட்டும் நெஞ்சுக்குக் கீழே கை வைத்தபடியே வந்து உட்கார்ந்தாள். டீயை நீட்டினால், "சர்க்கரை ஆகாதுங்க எனக்கு" என்கிறாள். தையல்காரம்மாவுக்குத்தான் சர்க்கரை வியாதி, இவளுக்கு இல்லை. முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தாள். மேடம் ஓடி வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு, ஆறிப்போன டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தாள். பைத்தியம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

ஆறாம் அறையை ஆபத்து அறை என்போம். மற்ற ஏழு அறையிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இதில் கோட்டை விட்டால் ஆள் அம்பேல். தையல்காரம்மா "நெஞ்சுக்குக் கீழே எரியுது" என்பாள். கேட்பவருக்கு வாயு போலத் தோன்றும். உண்மையில் அது மாரடைப்பு. ஃபைலில் இப்படி இருக்கும்: "வேறு எங்காவது வலி உண்டா என்று கேட்டால் மட்டும், இடது தாடையிலும் வலிக்கிறது என்று சொல்லவும்." அதற்குக் கீழே இன்னொரு வரி: "வேற ஒண்ணும் இல்லையே என்று, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்டால், இல்லைங்க என்று சொல்லவும்."

வேலையில் சேர்ந்த புதிதில் அந்த வரி எனக்கு அநியாயமாகப் பட்டது. ஓர் இடைவேளையில் கேட்டேன்.

"அந்த வரி நான் சொல்லித்தான் மேடம் சேத்தாங்கண்ணே" என்றாள்.

"எதுக்கும்மா? எப்படிக் கேட்டா என்ன, கேட்டா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே."

"அது கேக்கறது இல்லண்ணே. பேனாவை மூடிக்கிட்டே பேச்சை முடிக்கறது."

பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். இந்த வேலைக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பு, ஒரு மத்தியானம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. வயிற்றில் ஏழு வாரக் கரு இருப்பதே அவளுக்குத் தெரியாது. பார்த்தவன் இளம் டாக்டர். பேனாவை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டே இருந்தானாம், கண் முழுக்கச் சுவர்க் கடிகாரத்தில். இரண்டு கேள்வி கேட்டான். மூன்றாவதாக, "வேற ஒண்ணும் இல்லையே?" என்றான். அவளுக்கு வலது தோளும் வலித்திருக்கிறது. துணி மூட்டை தூக்குகிறவளுக்குத் தோள் வலிப்பதைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா என்று நினைத்து, "இல்லைங்க" என்றிருக்கிறாள். அவன் நர்ஸ் பக்கம் திரும்பி, இவள் காதில் விழும்படியே, "நடிப்பு. ஒரு மாத்திரை குடுத்து அனுப்புங்க" என்றிருக்கிறான்.

அன்று சாயங்காலம் வீட்டுக் குளியலறையில் விழுந்தாள். கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி வெடித்திருந்தது. வேறோர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து உயிரைக் காப்பாற்றினார்கள். பிள்ளைக்கு இனி வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அங்கே இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, தோள் வலித்ததா என்பது. உள்ளே ரத்தம் கட்டினால் தோளில் வலிக்குமாம். மத்தியானமே ஒருவர் அதைக் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றாராம். இரண்டு வருடம் கழித்து அவள் புருஷன், பிள்ளை வேண்டும் என்று இன்னொருத்தியோடு போய்விட்டான்.

"நடிப்புன்னு சொன்னான்லண்ணே" என்றாள். "சரி, அதை ஒழுங்கா கத்துக்கலாம்னுதான் இங்க வந்தேன்."

முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ அயோக்கியர்களைப் பாதி வழியில் இறக்கி விட்டிருக்கிறேன். இவனை இறக்கி விட ஒரு வாய்ப்பு கிடைக்காதா என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிடைத்தது. இந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை. "இன்னைக்கு வர்றவங்க எல்லாம் அவசரப் பிரிவுத் தலைவர் பதவிக்கு நிக்கறவங்க, கவனமா இருங்க" என்று மேடம் காலையிலேயே சொல்லியிருந்தார். உடை மாற்றும் அறையின் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் வராந்தாவில் டாக்டர்கள் நெஞ்சில் எண் குத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரியும். தங்கச்சி கழுத்தில் இஞ்ச் டேப்பை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். டேப் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"ஏழாம் நம்பர்" என்றாள்.

நான் பார்த்தேன். நல்ல சட்டை, நல்ல ஷூ. கையில் பேனா, டிக் டிக். கண் வராந்தாக் கடிகாரத்தில்.

"அவனேதானா?"

"அவனேதான். அதே ஆஸ்பத்திரி அட்டை மாட்டியிருக்கான் பாருங்க. அதே வார்டுக்குத் தலைவராகப் போறான்."

தெரிந்த ஆள் தேர்வுக்கு வந்தால் கையைத் தூக்கி மேடத்திடம் சொல்ல வேண்டும், அறையை மாற்றிக் கொடுப்பார்கள். அதுவும் சட்டம்தான். நான் சட்டத்தை ஞாபகப்படுத்தினேன். அவள் டேப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். கை மேலே போகவில்லை. சரி, எனக்கும் பார்வை கொஞ்சம் மங்கல்தான், நான் யாரையும் பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

"அப்ப இப்படிப் பண்ணு" என்றேன். "அவன் எப்படிக் கேட்டாலும் தாடை வலியைச் சொல்லாதே. தலைகீழா நின்னு கேட்டாலும் சொல்லாதே. ஆளை ஒரு வழி பண்ணிடலாம்."

"ஒரு எழுத்து மாத்த மாட்டேன்" என்றாள். "ஒழுங்கா கேட்டான்னா சொல்லுவேன். பாஸாகிப் போகட்டும். அதுக்கப்புறம் அவனை நினைக்கறதையே விட்டுடறேன்."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா, அவன் யாருங்கறது மார்க் தாள்ல ஏறட்டும்."

ஆறு டாக்டர்கள் வந்து போனார்கள். நாலு பேர் கேட்டார்கள், இரண்டு பேர் கேட்கவில்லை. ஏழாம் நம்பருக்கு மணி அடித்தது.

அவன் உள்ளே வந்து சிரித்தான். சிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான், கடன்காரன். அவளை நேராகப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. படுக்கை விளிம்பில் கை வைத்து ஒடுங்கி உட்கார்ந்திருந்த பெண்ணை அவன் அன்றைக்கும் பார்க்கவில்லை, இன்றைக்கு எப்படித் தெரியும்?

"என்னம்மா பண்ணுது?"

"நெஞ்சுக்குக் கீழ எரியுதுங்க டாக்டர். காலைலேர்ந்து."

"என்ன சாப்பிட்டீங்க? நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?"

"தையல் இருந்தா முன்னப்பின்ன ஆகுங்க."

வயிற்றை அமுக்கிப் பார்த்தான். மூன்றாவது நிமிடத்தில் அவள் தாடையை ஒரு தடவை தேய்த்துக்கொண்டாள். அது ஃபைலில் உள்ளது, எல்லோருக்கும் செய்வது. அவன் எழுதிக்கொண்டிருந்தான். ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி தேய்த்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். காலையிலிருந்து என்ன கவனித்தீர்கள் என்று கேட்டால், தாடையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டும். அவன், "அடிக்கடி இப்படி வருமா?" என்று கேட்டான்.

"எப்பவாவது வருங்க" என்றேன். என் ஃபைலில் இருக்கிற பதில் அதுதான். குரல் நடுங்காமல் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டிக். பேனாவை மூடினான்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

ஒன்பது வருடத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை, பாவி. நான் அவளைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தேன். எழுந்து அவன் கழுத்தைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடித்தால் நானும் ஒரு கை கொடுத்திருப்பேன்.

"இல்லைங்க டாக்டர்" என்றாள் தையல்காரம்மா. ஆறு பேருக்குச் சொன்ன அதே குரல், அதே தயக்கம்.

"காஸ்தான். மாத்திரை எழுதித் தர்றேன். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

மணி அடித்தது. எட்டாம் நம்பர் ஒரு சின்னப் பெண், கதவில் இடித்துக்கொண்டே வந்தாள். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "வேற எங்கயாவது வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். தையல்காரம்மா தாடையைச் சொன்னாள். அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷனுக்குக் கண் கலங்கலாம், அது ஃபைலுக்கு விரோதமில்லை.

ஏழாம் நம்பர் ஃபெயில். ஆனால் அவன் விடவில்லை, மேல்முறையீடு போட்டான். இரண்டு வாரம் கழித்து எங்களையும் அதே உடையில் வரச் சொன்னார்கள். நீள மேஜை, மூன்று பேர். நடுவில் தலைமுடி முழுக்க நரைத்த ஓர் அம்மாள், அவர்தான் மேல்முறையீட்டுக் குழுவின் தலைவர். கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள்.

"நான் கேட்டேனே" என்றான் அவன். "வேற ஒண்ணும் இல்லையேன்னு தெளிவா கேட்டேன். இல்லைன்னுட்டாங்க. இவங்க நடிப்பு சரியில்ல மேடம். நடிக்கத் தெரியாதவங்களை வச்சுத் தேர்வு நடத்தினா நாங்க என்ன பண்றது?"

நிஜமாகத் துடித்தபோது நடிப்பு என்றான். நடிக்கும்போது நடிப்பு சரியில்லை என்கிறான். இவனையெல்லாம் எந்தத் தராசில் நிறுப்பது?

தலைவர் ஃபைலிலிருந்து அந்த வரியைப் படித்துக் காட்டினார். பிறகு, "நானே ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்" என்றார். எங்கள் பயிற்சி மேடம் "ஆரம்பிக்கலாம்" என்றார். தங்கச்சியின் தோள் ஒடுங்கியது, கை நெஞ்சுக்குக் கீழே போனது.

"வேற எங்கயாவது வலி இருக்காம்மா?"

"இடது தாடைல ஒரு குத்தலுங்க டாக்டர். பல்வலியா இருக்கும்னு விட்டுட்டேங்க."

தலைவர் தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். வேலை தீர்ந்தது என்று எல்லோருக்கும் தோன்றியது. அப்போதுதான் அவன் அவளை முதல் தடவையாக உற்றுப் பார்த்தான்.

"இவங்களை எங்கயோ பாத்திருக்கேன்" என்றான். "ஏம்மா, உங்களுக்கு என்னை முன்னாடியே தெரியுமா?"

தலைவரின் பேனா நின்றது. தெரியும் என்றால் தேர்வு செல்லாது. அவனுக்கு இன்னொரு வாய்ப்பு, அவளுக்கு வேலை போகும், அந்த வார்டு அவன் கைக்குப் போகும். தெரியாது என்றால் பொய். பொய் சொல்ல அவளுக்கு வராது, ஆறு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நாள் லேட்டாக வந்ததற்குக்கூட அவளுக்குச் சாக்குச் சொல்லத் தெரியாது.

அவள் கை இன்னும் நெஞ்சுக்குக் கீழேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் "முடிந்தது" என்று சொல்லவில்லை.

"இல்லைங்க டாக்டர்" என்றாள் தையல்காரம்மா. "நான் எங்க நாலாவது சந்தை விட்டு எங்கயும் போறதில்லைங்க. தைக்கவே நேரம் சரியா இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "என்னங்க, இவரை நமக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை எனக்கு நாக்குக் குழறவில்லை. "தெரியாதும்மா" என்றேன்.

பயிற்சி மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா, நான்தான் மறந்துட்டேன். முடிந்தது, முடிந்தது."

தலைவர் கண்ணாடிக்கு மேலாக அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கேள்வியை மறுபடி அவர் கேட்கவில்லை. மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா, நான் விசாரிக்கப் போவதில்லை. "இவங்களுக்கா நடிக்கத் தெரியாதுன்னீங்க?" என்று அவனிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தோம். அவன் லிஃப்ட்டுக்காக நின்றுகொண்டிருந்தான், டிக் டிக். தங்கச்சி இஞ்ச் டேப்பைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அவள் போகிற திசையைப் பார்த்து நான் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம்மா. வாயை விட்டா எல்லாம் கெட்டுடும். புகார் எழுதிக் குடுத்துடுவான்."

"எழுதட்டும்ணே. எனக்கு அவனைத் தெரியும்னு எழுதினா, எப்படித் தெரியும்னும் எழுதணும்ல" என்று சொல்லிவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர். எனக்கு வலது தோளும் வலிச்சுது."

அவன் எரிச்சலோடு பார்த்தான். "தோளா? ஃபைல்ல தாடைன்னுதானே இருந்தது?"

"இது ஃபைல்ல இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, உங்க வார்டு, ஜன்னலோரப் படுக்கை. அடிவயித்துல வலின்னு வந்தேன். நடிப்புன்னு சொல்லி அனுப்பினீங்க. அன்னைக்குத் தோளும் வலிச்சுது. நீங்க கேக்கலை."

என்ன இருந்தாலும் படித்தவன். வயிறும் தோளும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேனா நின்றது. முகம் வெளிறுவதை நான் ஆசை தீரப் பார்த்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு குளிர்கிறது, அதற்காக வெட்கப்படவும் இல்லை. அவன் வாய் திறந்தது, குழந்தை என்பது போல ஏதோ வந்தது, பாதியில் நின்றது.

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வேற ஒண்ணும் இல்லையே, டாக்டர்?"

அவனுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

"இல்லைங்க" என்றான்.

லிஃப்ட் வந்து திறந்தது, அவன் ஏறாமலே மூடிக்கொண்டது. நாங்கள் படியில் இறங்கினோம்.